இடியனும் தோட்டாவும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் உழவரும் துவக்கும்

ஈழத்து வரலாற்று நூல்களிலே துவக்கு என்னும் கருவி பெரும்பாலும் கோட்டைகளோடும் மன்னர்களோடும் படைத்தலைவர்களோடும் சேர்த்தே பேசப்பட்டு வந்துள்ளது. மட்டக்களப்பு வாவியின் கரைகளிலே வாழ்ந்த உழவனின் கைக்கு அது எவ்வாறு வந்தது, எத்தேவைக்காக அவன் அதனை வைத்திருந்தான், அதற்கு வேண்டிய மருந்தையும் ஈயத்தையும் எவ்வழியாகப் பெற்றான் என்னும் வினாக்கள் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. எனினும் இப்பிரதேசத்தின் சமூக, பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் இவற்றை ஒதுக்கிவிட முடியாது. துவக்கு யாரிடம் இருந்தது என்பதிலும் பார்க்க, அதற்குரிய மருந்தை நிரப்பும் ஆற்றல் யாரிடம் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் அடிப்படைப் பிரச்சினையாகும். இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகின்றது.

துவக்கு, துப்பாக்கி ஆகிய இரு சொற்களும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பது அகராதியாசிரியர் கருத்து. போர்த்துக்கேயரின் வருகையோடு ஈழத்திலே வெடிக்கருவிகளின் பயன் பெருகியதெனினும், கருவியின் பெயர் அவர்தம் மொழியிலிருந்து வரவில்லை. இந்துசமுத்திர வாணிகத்தில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த மேற்காசிய மக்களின் தொடர்பையே அப்பெயர் உணர்த்துகின்றது. தமிழகத்தார் துப்பாக்கி என்னும் வடிவத்தைப் பெரிதும் வழங்க, ஈழத்தவர், சிறப்பாக வன்னியிலும் கிழக்கிலும் வாழ்வோர், துவக்கு என்பதையே பேச்சுவழக்கிற் கொண்டனர். வாய்ப்புறமாக மருந்திட்டு இடித்து நிரப்பப்படும் துவக்கை அவர்கள் ‘இடியன்’ என அழைத்தனர். கருவியின் தோற்றத்தையோ அது எழுப்பும் ஓசையையோ நோக்காது, அதனை நிரப்பும் செயலை நோக்கி அமைந்த பெயர் இதுவாகும். பின்வரும் வரலாறு முழுவதற்கும் இப்பெயரே திறவுகோல் எனலாம்.

மருந்தும் கடல்வழியும்

வெடிமருந்து மூன்று பொருள்களின் சேர்க்கையாகும். அவற்றுள் கரி எங்கும் கிடைப்பது. வெடியுப்பு ஈழத்தின் உள்நாட்டுக் குகைகளிலே கிடைத்தது. 1821ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் ஜோன் டேவி என்பார் கண்டி நாட்டவர் குகைமண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்த முறையை விரிவாக விவரித்துள்ளார். மூன்றாவது பொருளான கந்தகம் கடல்கடந்தே வரவேண்டியிருந்தது. கண்டி நாட்டுக் கம்மாளர் துவக்குச் செய்வதில் மிக்க திறன் பெற்றிருந்தனர். பொறி இடப்புறமாக அமைந்த அவர்களது துவக்குகள் இன்றும் அருங்காட்சியகங்களிலே காணப்படுகின்றன. ஆயினும், துவக்கைச் செய்யவல்ல அரசொன்று மருந்துக்குக் கடற்கரையை எதிர்நோக்கியிருக்க வேண்டிய நிலையே அங்கு நிலவியது.

இந்நிலையில் மட்டக்களப்பும் கொட்டியாரமும் கண்டி அரசுக்கு எத்துணை முக்கியமான வாயில்களாக விளங்கியிருத்தல் வேண்டும் என்பதை எளிதில் உணரலாம். 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலே கரையிறங்கி, அங்கிருந்தே கண்டி சென்று விமலதர்மசூரியனைச் சந்தித்தான். 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை அமைத்தபோது அவ்வாயில் அடைபட்டது. 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். அடுத்த சில நாள்களுள் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையே மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை நிறைவேறியது. ஒல்லாந்தரின் போர்ச்செலவை மன்னன் கறுவா, மிளகு முதலிய விளைபொருள்களால் ஈடுசெய்வதென்பது அதன் முக்கிய நிபந்தனைகளுள் ஒன்று. நாட்டின் விளைபொருள் வெளியே செல்ல, அதற்கு ஈடாகப் பிறரது வெடிவலிமை உள்ளே வந்தது. இப்பண்டமாற்றே மன்னனுக்கு நேர்ந்த கதி. பின்னொரு காலத்தில் அது உழவனுக்கும் நேர்ந்தது.

1795ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. 1817–1818ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், மட்டக்களப்பின் மேற்கெல்லையை அடுத்துள்ள ஊவா, வெல்லச மக்களிடமிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. துவக்கு அரசனின் படைக்கருவி என்னும் நிலை இத்தோடு முடிவுற்றது. இதன்பின் அது உழவனின் பயிர்காவற் கருவியாகவே இப்பிரதேச வரலாற்றில் இடம்பெறுகின்றது.

படுவான்கரையின் தேவை

வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துள்ள எழுவான்கரை மக்கள் செறிந்து வாழும் பகுதி. மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களும் குளங்களும் காடுகளும் கலந்த பகுதி. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தை அடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இறக்காமம், உறுகாமம் முதலிய குளங்கள் புனரமைக்கப்பட்டன. வயல்கள் காட்டினுள் விரிந்தன. வேளாண்மை குடலைப் பருவத்தை அடையும்போது பன்றியும், கதிர் முற்றும்போது யானையும் வயலுக்குள் இறங்கின. போடியாரின் வயலிலே முல்லைக்காரனும் அவனோடு வயற்காரரும் பரண் கட்டி இரவெல்லாம் காவலிருந்தனர். தீப்பந்தமும் கூக்குரலும் பறையொலியும் போதாதவிடத்துத் துவக்கே இறுதித் துணையாயிற்று.

அக்காலத்தில் அரசின் கொள்கையும் இதற்குச் சாதகமாகவே இருந்தது. யானையைப் பயிரழிக்கும் பிராணியாகக் கருதிய பிரித்தானிய ஆட்சி, அதனைக் கொன்றோருக்குப் பரிசு வழங்கியது. 1848ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500க்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன என எமேர்சன் ரெனன்ற் தமது 1859ஆம் ஆண்டு நூலிற் குறித்துள்ளார்.

இக்காலப்பகுதியில் ஆங்கில வேட்டையாடியின் துவக்குக்கும் படுவான்கரை உழவனின் துவக்குக்கும் அடிப்படையில் வேறுபாடு இருக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. 1854ஆம் ஆண்டில் ஈழத்து வேட்டை பற்றி நூலெழுதிய சாமுவேல் பேக்கரின் துவக்குகள் விலையுயர்ந்தவை, செம்மையாகச் செய்யப்பட்டவை. ஆயினும் அவையும் இடியன்களே. குழலின் வாயிலே மருந்தைக் கொட்டி, தக்கையிட்டு இடித்து, ஈயத்தை இறக்கி, மேலும் ஒரு தக்கையால் அடைத்து, இறுதியிற் கேப் எனப்படும் சிறு தொப்பியைப் பொருத்தியே அவரும் சுட்டார். உழவன் தக்கைக்குத் தேங்காய்த் தும்பைப் பயன்படுத்தினான் என்பதும், அவனது மருந்து தரத்திற் குறைந்தது என்பதுமே வேறுபாடு. துவக்கின் முன்னே இருவரும் தத்தம் வேட்டைத் தாமே நிரப்பிக் கொள்பவராயிருந்தனர்.

இருவழிப் பிரிவு

இச்சமநிலையைத் தோட்டா குலைத்தது. 1850களிலும் 1860களிலும் ஐரோப்பாவிலே குழலின் பின்புறமாக நிரப்பப்படும் துவக்குகள் பரவின. மருந்து, தக்கை, ஈயம், தீமூட்டி ஆகிய நான்கும் ஒரே கூட்டினுள் அடங்கிய தோட்டா, துவக்கைத் திறந்து செருகியவுடன் சுடத்தக்கதாயிற்று. ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து குழலின் விட்டத்துக்கு ஒத்த பன்னிரண்டு குண்டுகள் வார்க்கத்தக்கதாயின் அத்துவக்குப் பன்னிரண்டாம் இலக்கத்தது என்னும் பழைய அளவுமுறை, இத்தோட்டாக்களின் பெட்டிகளிலும் தொடர்ந்து அச்சிடப்பட்டது. 1884ஆம் ஆண்டிலே பிரான்சியரான வியேய் புகையற்ற மருந்தைக் கண்டமை இம்மாற்றத்தை நிறைவுசெய்தது. நிரப்பும் தொழில் துவக்கை வைத்திருப்பவனின் கையிலிருந்து நீங்கித் தொழிற்சாலையிடம் சென்றது.

ஆயினும் மேலைநாடுகளிற் சிலர் அதனை முற்றாகக் கைவிடவில்லை. விக்டோரியா காலத்து ஆங்கில வேட்டையாடிகள் மேசை விளிம்பிலே பொருத்திக் கைப்பிடியாற் சுழற்றும் சிறு கருவிகொண்டு கடதாசித் தோட்டாவின் வாயை மடித்து மூடினர். ஐக்கிய அமெரிக்காவிலே 1884ஆம் ஆண்டில் ஜோன் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் கைக்குறடு போன்ற கருவிகளை விற்றது. இருபதாம் நூற்றாண்டில் இவற்றினின்றும் வளர்ந்ததே ஒற்றைப்படி அழுத்தி எனப்படும் பொறி. கலிபோர்னியாவில் 1943ஆம் ஆண்டில் பிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் இவ்வகைப் பொறிகளால் பெயர்பெற்றது.

இப்பொறியின் அமைப்பு எளிது. மேசையிலே இறுக்கப்பட்ட இரும்புச் சட்டகம், நெம்புகோல், அதனால் மேலெழும் தண்டு, உச்சியில் ஓர் அச்சு என்பனவே அதன் உறுப்புகள். சுடப்பட்ட பித்தளைக் கூடு பழைய அளவுக்குச் சுருக்கப்படல், பழைய தீமூட்டி நீக்கப்பட்டுப் புதியது பதிக்கப்படல், மருந்து அளந்திடப்படல், குண்டு பொருத்தப்படல் என்னும் செயல்கள் தனித்தனியே நிகழ்கின்றன. ஒரு செயல் எல்லாக் கூடுகளுக்கும் முடிந்த பின்னரே அடுத்த செயலுக்கு அச்சு மாற்றப்படும். ஒரே இழுப்பிற் பல செயல்களை நிகழ்த்தும் விரைவுப் பொறிகளும் உண்டு. எனினும் தொடக்கநிலையினரும் செம்மையை விரும்புவோரும் ஒற்றைப்படிப் பொறியையே தெரிகின்றனர். ஒவ்வொரு கூட்டையும் கண்ணாற் காணவும், மருந்து இருமுறை இடப்பட்டதா, இடப்படாது விடப்பட்டதா எனச் சரிபார்க்கவும் அது இடமளிக்கின்றது. ஒருபுறம் திறந்த சட்டகத்திலும் பார்க்க முழுவதும் மூடிய சட்டகம் வளையாது என்பதும், தண்டும் அச்சும் நேர்கோட்டில் அமைதல் வேண்டும் என்பதும் தெரிவோர் நோக்கும் ஏனைய கூறுகளாகும். விரைவை விட்டுக் கவனத்தைத் தெரிதல் என இதனைச் சுருங்கக் கூறலாம்.

தெரிவு இல்லாதவனின் தெரிவு

இத்தகைய பொறி மட்டக்களப்பு உழவனின் வாழ்வில் இடம்பெறாமைக்குக் காரணங்கள் தெளிவானவை. முதலாவது, தோட்டாத் துவக்கே பலரது வசதிக்கு எட்டாததாயிருந்தது. போடியார், உடையார், வன்னியனார் போன்றோரின் வீடுகளிலே அது மதிப்பின் சின்னமாகத் தொங்கியது. இரண்டாவது, 1960களிற் பிளாத்திக்குத் தோட்டாக்கள் பரவும்வரை வழங்கிய கடதாசிக் கூடுகள் ஈரத்தில் ஊதிப் பயனற்றுப் போயின. வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலமே மாரிப்போகப் பயிருக்குக் காவல் வேண்டிய காலமாதலால், இக்குறை இப்பிரதேசத்திற் பெரிதாயிற்று. மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம் சட்டமாகும்.

1915ஆம் ஆண்டின் கலவரத்துக்கு அடுத்த ஆண்டில், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலும், செய்தலும், திருத்தலும் குற்றமாயின. அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். சுதந்திரத்தின் பின்னர் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் மருந்தையும் அவ்வாறே கட்டுப்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமோ எதைச் சுடலாம், எதைச் சுடலாகாது என வரையறுத்தது. ஒரு காலத்திற் பரிசுக்குரிய செயலாயிருந்த யானைக்கொலை, பின்னொரு காலத்திற் குற்றமாயிற்று. காட்டோர உழவனின் வயலில் யானை இறங்குவது மாத்திரம் மாறவில்லை.

இச்சூழலிலே இடியன் நிலைத்தமையைப் பின்தங்கிய மக்களின் அறியாமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. தோட்டாத் துவக்கை வைத்திருப்பவன் ஒவ்வொரு வேட்டுக்கும் கடையையும் கச்சேரியையும் நம்பியிருக்க வேண்டும். இடியனை வைத்திருப்பவனோ சிறிதளவு மருந்தும் சிறிது ஈயமும் கிடைத்தால் எஞ்சியதைத் தானே முடித்துக்கொள்வான். ஒரு வகையில் அவனது துவக்கின் குழலே ஒற்றைப்படி அழுத்தி. இடிகோலே அதன் நெம்புகோல். மலிவும் தற்சார்புமே அவனது தெரிவின் அடிப்படைகள். ஆயின் மேலைநாட்டான் பகல் வெளிச்சத்திலே, மேசைமுன் இருந்து, ஒவ்வொரு கூடாகச் சரிபார்த்து நிரப்பினான். உழவனோ மழையிருளிலே, பரண்மீது, விலங்கின் காலடியோசை நெருங்கும் வேளையில் கைத்திட்டமாக மருந்திட்டான். அங்கு கவனத்துக்காகத் தெரியப்பட்ட முறை, இங்கு கவனத்துக்கு இடமற்ற சூழலிலே கையாளப்பட்டது.

விலை

இதன் விலை சிறிதன்று. இடியனை நிரப்பிவிட்டால் இலகுவில் வெறுமையாக்க முடியாது. சுடுவதே அதற்குரிய இயல்பான வழி. ஆகவே நிரப்பிய துவக்கு நாட்கணக்கிற் குடிசை மூலையில் சாத்தப்பட்டிருக்கும். ஈரமேறிய மருந்து வேண்டிய வேளையில் தீப்பற்றாது. தாமதித்து எதிர்பாராத வேளையில் வெடிப்பதும் உண்டு. மிகையாக இட்ட மருந்து பழைய குழலைப் பிளக்கும். இவற்றினும் கொடியது கட்டுத்துவக்கு. விலங்கு வரும் தடத்திலே கயிற்றோடு பிணைத்துக் கட்டிவிடப்படும் அத்துவக்கு, இடறுவது பன்றியா, விறகு தேடிச் சென்ற பெண்ணா, தேனெடுக்கச் சென்ற வேடனா என அறியாது. சட்டம் இதனைத் தடைசெய்துள்ளபோதிலும், உலர்வலய வைத்தியசாலைகளிலே காலிழந்தோர் பலரின் துயரத்துக்கு இதுவே காரணமாக இருந்துவந்துள்ளது. இரவிரவாகக் கண்விழிக்கும் காவற்காரனைச் செலவிட இயலாத ஏழை உழவனே பெரும்பாலும் இதனைக் கட்டினான் என்பதையும் மறத்தலாகாது. காவலிருக்க ஆளில்லாதவிடத்து இயந்திரம் காவலிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைந்தது. 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டம் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகத்துக் காடுகளைப் பெருமளவில் அழித்தது. அப்பகுதி 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. காடிழந்த யானைகள் வழிமாறின. அதன்பின் அரசியல் நெருக்கடிகள் தொடர்ந்தன. 1971ஆம் ஆண்டின் கிளர்ச்சியிலே கிளர்ச்சியாளர் வீடுகளிலிருந்து வேட்டைத் துவக்குகளைக் கைப்பற்றியமை, உழவனின் துவக்கையும் அரசு ஐயத்தோடு நோக்கச் செய்தது. 1983ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரின்போது, ஒருபுறம் அரச கட்டுப்பாட்டாலும் மறுபுறம் ஆயுதக் குழுக்கள் திரட்டிச் சென்றமையாலும் அனுமதிபெற்ற துவக்குகள் பலவும் உழவரைவிட்டு நீங்கின. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. மன்னனிடமிருந்து மருந்தும், உழவனிடமிருந்து மருந்தும் துவக்கும் இவ்வாறு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளாற் பறிக்கப்பட்டன.

போர் முடிந்தபின் மக்கள் மீளக் குடியேறிய வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் முதலிய பகுதிகளிலே யானையின் வருகை அன்றாடச் செய்தியாயிற்று. நாடு முழுவதையும் நோக்குமிடத்து, 2019ஆம் ஆண்டு தொடக்கம் 2023ஆம் ஆண்டுவரை ஒவ்வோராண்டும் 300க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் உயிரிழந்துள்ளனர். யானைகளின் சாவுக்குத் துவக்குச் சூடும், உணவினுள் மறைத்து வைக்கப்படும் வெடிபொருளும், முறையற்ற மின்கம்பிகளும் முக்கிய காரணங்களாகும். யானைக்கு எதிரே மருந்து யாருக்கும் வெற்றியைத் தரவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இருவகை உண்மைகள் புலனாகின்றன. இப்பிரதேசத்தின் ஆட்சியாளர் ஒவ்வொருவரும் மருந்தைக் கட்டுப்படுத்துவதன் மூலம் துவக்கைக் கட்டுப்படுத்தினர். அக்கட்டுப்பாட்டுக்கு வெளியே சிறிது இடந்தேடிய உழவனின் கருவியாகவே இடியன் நிலைத்தது என்பது ஒன்று. அத்தற்சார்பு அவனுக்குப் பாதுகாப்பை அளிக்காது, அவனையும் அயலவனையும் விலங்கையும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாக்கியது என்பது மற்றொன்று. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. துவக்கைப் பறித்தால் பிரச்சினை தீரும் எனக் கருதிய சட்டமும், துவக்கைக் கொடுத்தால் தீரும் எனக் கருதுவோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருசாராரும் காவலைத் தனியொரு உழவனின் சுமையாகவே கொள்கின்றனர்.

ஆனால் மட்டக்களப்பு வயல்களின் பழைய மரபு அதுவன்று. விதைப்புக்கு நாள் குறிப்பதும், வாய்க்கால் வெட்டுவதும், வேலி அடைப்பதும் வட்டை முழுவதற்கும் பொதுவான கடமைகளாக இருந்தன. வட்டைவிதானை முன்னிலையிற் கூடும் கூட்டத்தின் தீர்மானத்துக்கு அனைவரும் கட்டுப்பட்டனர். 1856ஆம் ஆண்டின் சட்டமும் இத்தகைய வழக்குகளை உயிர்ப்பிக்கவே முயன்றது. அண்மைக் காலத்தில் உலர்வலயத்தின் வேறு சில பகுதிகளிலே, ஊரவர் கூட்டாக அமைத்துப் பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கும் பருவகால மின்வேலிகள் பயனளித்துள்ளன. இது புதிய கருவி. இதன் பின்னுள்ள வழக்கமோ துவக்கினும் பழையது. வேலி வட்டைக்கு உரியதாயிருந்த காலத்திலே காவலும் வட்டைக்கு உரியதாயிருந்தது. காவல் தனியொருவனின் தலைமேல் விழுந்தபோதே இடியன் அவன் கைக்கு வந்தது. அது அவன் கையைவிட்டு நீங்க வேண்டுமாயின், காவல் மீண்டும் வட்டையின் பொதுக் கடமையாதல் வேண்டும்.